பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகளின் ஒழுங்கு: எழுதி வைக்காத இடத்தில் எது பிசகுகிறது

ஜூன் மாதம் பள்ளி திறந்து, பள்ளிப் போட்டிகளின் முதல் படியான குறுவட்டப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்தவுடன், மதுரை மாவட்டப் பள்ளிகளில் ஆள் தேர்வு தொடங்கிவிடும். யார் ஓடுவது, யார் பாடிப் போவது, யார் வலையடியில் நின்று தடுப்பது என்பதெல்லாம் சில நாட்களில் முடிவாகிவிடுகிறது. அணியில் இருக்கும் வரை எப்படி நடந்துகொள்ள வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் பெரும்பாலான பள்ளிகள் எழுதி வைப்பதில்லை. உடற்கல்வி ஆசிரியரின் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறதோ அவ்வளவுதான் அங்கே ஒழுங்கு. அவருக்கு மாறுதல் வந்தால் அடுத்த ஆண்டு எல்லாம் முதலிலிருந்து.

விதி முன்னாலேயே இல்லாவிட்டால், தவறு நடந்த பிறகு அதைத் தேட வேண்டியிருக்கிறது. அப்போது தவறு செய்தவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு எடுக்கிறார்கள். கபடி அணியின் முதல் ரெய்டராக (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவராக) இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆட விடுவது, வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரராக இருந்தால் அணியை விட்டே அனுப்புவது. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். அதன் பிறகு எந்த விதியைச் சொன்னாலும் எடுபடாது. ஆகவே பள்ளி அணிக்கான ஒழுங்குவிதி முதல் பயிற்சிக்கு முன்பே எழுதப்பட வேண்டும், பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், சிறந்த ஆட்டக்காரருக்கும் கடைசி ஆளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்தத் தாளில் என்னென்ன வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பெயர்ப் பட்டியல்

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின விழாப் போட்டிகளும் பாரதியார் தின விழாப் போட்டிகளும் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே போகின்றன. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். குறிப்பிட்ட ஆண்டின் ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவது வழக்கம். மாநில அளவில் தேர்வானவர்கள் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். இதற்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் முதலமைச்சர் கோப்பையும் இருக்கிறது.

இந்தச் சான்றிதழ்களுக்கு இன்று நிஜமான மதிப்பு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது. மதிப்பு கூடக் கூட முறைகேட்டுக்கான ஆசையும் கூடுகிறது. இரண்டு வகை முறைகேடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று வயதைக் குறைத்துக் காட்டுவது. இன்னொன்று, வேறு பள்ளியில் படிப்பவரையோ படிப்பை நிறுத்தியவரையோ தம் பள்ளி மாணவர் என்று இறக்குவது. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்கு உள்ள எமிஸ் எண், தலைமையாசிரியர் மேலொப்பமிட்ட புகைப்படம், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் இரண்டாவது வகை பிடிபட்டுவிடும். வயது விஷயத்தில் ஐயம் எழுந்தால் மருத்துவப் பரிசோதனை வரை போகலாம். மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் வயது மோசடித் தடுப்பு விதிமுறை அதற்கு வழி செய்கிறது.

இதில் பிள்ளையின் பங்கு என்ன? ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குத் தன் பிறந்த தேதி தெரியும். படிவத்தில் வேறு தேதி இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை ஒழுங்குவிதியின் முதல் வரியாகவே எழுத வேண்டும். காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும்: கபடியிலோ கைப்பந்திலோ தகுதியில்லாத ஒருவர் ஆடியது தெரிந்தால் அந்த அணியின் வெற்றியே போய்விடும், மற்றப் பிள்ளைகளின் சான்றிதழும் சேர்ந்து போகும். “சார்தான் போடச் சொன்னார்” என்று பிறகு சொல்வதால் அவர்களுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. படிவத்தை நிரப்பியவர் பெரியவர் என்றால் பொறுப்பும் முதலில் அவருடையதுதான். அதையும் தாளில் எழுதத் தயங்கக் கூடாது.

நகம், எண்ணெய், கயிறு

கபடி விதியில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் முதலான வழுக்கும் பொருள் இருக்கக் கூடாது, அணிகலன் எதுவும் அணியக் கூடாது. மூன்றுக்கும் காரணம் உண்டு. பிடிக்கும் ஏழு பேரின் நகமும் ரெய்டரின் தோளிலும் முழங்காலிலும் படும். எண்ணெய் தடவியவரைப் பிடிக்க முடியாது. மோதிரம் மாட்டியிருக்கும் விரல் எதிராளியின் உடுப்பில் சிக்கினால் சதையோடு கிழியும். இந்தச் சோதனை களத்துக்கு வந்த பிறகு நடந்தால் அவசரமும் சண்டையும் வரும். பள்ளியிலிருந்து கிளம்பும் முன், உடுப்பு கொடுக்கும்போதே செய்துவிடுவது நல்லது. கழற்றியதை அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய உறையில் போட்டு, ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கயிறு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் பல நேரங்களில் சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு பள்ளிக்கு வரக் கூடாது என்று பரிந்துரைத்தது. வகுப்பறையில் இதைச் செயல்படுத்துவது எளிதல்ல. வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் கேள்வி வரும். விளையாட்டுக் களத்திலோ ஆசிரியருக்கு ஏற்கெனவே வலுவான காரணம் கையில் இருக்கிறது. கோயில் கயிறு, பள்ளிவாசலில் கட்டிய கயிறு, காப்பு, நட்புப் பட்டை எதுவாக இருந்தாலும் மணிக்கட்டில் இருந்தால் ஆபத்து, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நிறத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஒரே ஒரு கயிற்றை மட்டும் “இது சாமி கயிறு, இருக்கட்டும்” என்று விட்ட நாளில் இந்த விதி செத்துவிடும். கார்த்திகையில் மாலை போடும் வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் போட்டித் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; கழுத்து மாலையோடு கபடியில் இறக்க முடியாது, மாலையைக் கழற்றச் சொல்லவும் முடியாது.

உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் நல்ல கபடிப் பிள்ளைகள் ஊர்க் குழுக்களில் இரவு விளக்கொளியில் ஆடித்தான் தேறுகிறார்கள். அந்தக் குழுக்களின் பனியனில் தலைவர் படமோ சமூகப் பெயரோ அச்சிடப்பட்டிருப்பது உண்டு. அதே பனியனைப் போட்டுக்கொண்டு காலைப் பயிற்சிக்கு வந்தால் பயிற்சிக்களம் இரண்டாகப் பிரிந்துவிடும். எழுத்தும் படமும் இல்லாத பனியன் மட்டுமே பயிற்சிக்கு என்று தாளில் எழுதிவிட வேண்டும். பேருந்து இருக்கையையும் தங்கும் அறையையும் உடுப்பு எண் வரிசையில் ஒதுக்குவது இன்னொரு எளிய ஏற்பாடு. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே மூலையில் உட்காருவதை யாரையும் அதட்டாமல் அது கலைத்துவிடும். சாதிப் பெயரைச் சொல்லி ஒருவரைத் திட்டுவதை ஆட்டச் சூட்டில் வந்த வார்த்தை என்று களத்திலேயே முடித்துவைக்கக் கூடாது. அது அன்றே தலைமையாசிரியருக்கு எழுத்தில் போக வேண்டும்.

உடுப்பு விதி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. “ஷூ இல்லாதவர் வரக் கூடாது” என்று சில பள்ளிகளில் சொல்கிறார்கள். தடகள விதியே வெறுங்காலோடு போட்டியிட அனுமதிக்கிறது. மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி வெறுங்காலோடுதான் ஓடத் தொடங்கினார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். சுத்தமான உடுப்பு வேண்டும் என்று கேட்கலாம். விலை கொடுத்து வாங்க வேண்டிய எதையும் தகுதியாக்கக் கூடாது.

நடுவரிடம் யார் பேசுவது

களத்தில் நடக்கும் தகராறுகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் தொடங்குகிறது: நடுவரின் முடிவு பிடிக்காமல் நாலைந்து பேர் அவரைச் சூழ்வது. பேச உரிமை உள்ளவர் அணித் தலைவர் மட்டுமே. கைப்பந்தில் இது விதியாகவே இருக்கிறது. தலைவர் விளக்கம் கேட்கலாம். விளக்கம் ஏற்கும்படி இல்லையென்றால் அப்போதே எதிர்ப்பைத் தெரிவித்து, ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளில் பதிவுசெய்யலாம். தடகளத்தில் முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் முறையிட வேண்டும். இந்த வழிகளைத் தெரிந்து வைத்திருக்கும் அணி கத்துவதில்லை. அரை மணி நேரம் கத்திவிட்டு, நேரம் முடிந்த பிறகு மனு எழுத உட்காரும் பள்ளிகள் நியாயமான வழக்கையும் தோற்கின்றன. பதிவு செய்யும் வேலையை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவரிடம் பேனா, தாள், கைக்கடிகாரம் இருக்க வேண்டும்.

நடுவர் காட்டும் அட்டைகளின் பொருள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இரண்டு ஆட்டங்களில் ஆடும் பிள்ளைகள் இதில் குழம்புகிறார்கள். கபடியில் பச்சை எச்சரிக்கை, மஞ்சள் வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு வந்தால் அந்த ஆட்டம் அவருக்கு முடிந்தது. ஹாக்கியில் பச்சைக்கே இரண்டு நிமிடம் வெளியேற வேண்டும். மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம். கைப்பந்தில் மஞ்சள் எச்சரிக்கை மட்டும், சிவப்பு வந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும். இரண்டு அட்டைகளையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டினால் அந்த செட் முழுக்க வெளியே, தனித்தனிக் கையில் காட்டினால் ஆட்டம் முழுக்க. ஓட்டத்தில் அட்டைக்கு முன்பே வேலை முடிந்துவிடும்: துப்பாக்கிச் சத்தத்துக்கு முன் கிளம்பிய முதல் முறையே நீக்கம். கபடியில் ரெய்டரின் வாயைப் பொத்துவது, கழுத்தை நெரிப்பது, கால் கத்தரி போடுவது (இரண்டு காலாலும் கத்தரிபோல் பின்னிப் பிடிப்பது) மூன்றும் தவறான பிடிகள். பிடித்தாலும் ரெய்டர் அவுட் ஆகமாட்டார். ஊர் ஆட்டங்களில் இந்தப் பிடிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதால் பிள்ளைகளுக்கு அவை பழகிப்போயிருக்கும். ஆகஸ்டுக்கு முன் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்.

2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரை ரேஸ்கோர்ஸ் வளாக மைதானத்தில் நடந்தன. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடிய போட்டி அது. அந்த ஆட்டங்களின் பதிவு ஒன்றை வகுப்பறையில் போட்டுக் காட்டி, அட்டை வாங்கியவர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொல்லலாம். நடுவரின் முகத்துக்கு நேராகக் கை நீட்டாமல் வெளியே போவதும் பழகிப் பெற வேண்டிய திறமைதான். பயிற்சி ஆட்டங்களிலேயே உடற்கல்வி ஆசிரியர் அட்டை காட்டி, அந்த இரண்டு நிமிடமும் அணியை ஆள் குறைவாக ஆட விட்டால் அந்தப் பழக்கம் வரும்.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்களும் விதிக்கு உட்பட்டவர்களே. முன்னாள் மாணவர்கள் பைக்கில் வந்து கோட்டோரம் நின்று தாயை இழுத்து வசவு பாடினால், அந்தப் பழி களத்தில் ஆடும் பிள்ளைகள் மேல் விழும். பெற்றோர் கையெழுத்திடும் தாளில், ஆட்டத்தின் போது நடுவரிடமோ எதிரணிப் பிள்ளையிடமோ பேசமாட்டேன் என்று ஒரு வரி இருக்கட்டும். ஆசிரியருக்கும் அதே வரி. பயிற்சியாளர் நாற்காலியை உதைக்கிற அணியில் பிள்ளைகளிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

எடையும் மாத்திரையும்

எடைப் பிரிவு உள்ள ஆட்டங்களில் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கும் கொடுமையைப் பலர் ஒழுங்கு மீறலாகவே நினைப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு மதுரை வெயிலில் ஓடுவது, துப்பித் துப்பி எடை குறைப்பது. உடம்பில் நீர் குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், தசை பிடிக்கும், வெப்பம் வெளியேறாமல் மயக்கம் வரும். பதினைந்து வயதுப் பிள்ளையை இப்படி எடைக்கல்லில் ஏற்றுவதைவிட அடுத்த எடைப் பிரிவில் ஆட விடுவது மேல். “எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தக் கூடாது” என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் சேர்ந்த விதியாக இருக்க வேண்டும்.

நீர் வெளியேற்றும் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஃபுரோஸமைட் முதலான அந்த வகை மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் எப்போதும் தடை செய்யப்பட்டவை. உடம்பு போட வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்டிக் காலத்தில் மாத்திரையாக எடுத்தால் தடை. பலருக்கும் தெரியாத ஒன்று இருமல் டானிக். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல் மருந்துகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அதுவும் எப்போதும் தடைசெய்யப்பட்டதே. ஆஸ்துமா உள்ள பிள்ளை சால்பியூட்டமால் இன்ஹேலரை வரம்புக்குள் பயன்படுத்தலாம், 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல். அதற்கு மேல் தேவையென்றால் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விலக்கு கேட்க வேண்டும்.

குறுவட்டப் போட்டியில் சிறுநீர் மாதிரி எடுக்க யாரும் வரப்போவதில்லை. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி போன்ற இடங்களில் சோதனை உண்டு. 2024 ஜனவரியில் அந்தப் போட்டிகளை நடத்திய நான்கு தமிழ்நாட்டு நகரங்களில் மதுரையும் ஒன்று. உடம்பில் மருந்து இருந்தால், எப்படி வந்தது என்றாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது என்பதே அடிப்படை விதி. வயது குறைந்தவருக்குத் தண்டனையில் தளர்வு கிடைக்கலாம், முடிவு ரத்தாவது நிற்காது. ஆகவே எந்த மருந்து வாங்கினாலும் அட்டையையோ புட்டியையோ உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுவது, மருத்துவரிடம் “நான் போட்டியில் ஆடுகிறேன்” என்று சொல்வது, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் பெயரைத் தட்டிப் பார்ப்பது என்று மூன்று படிகளையும் தாளில் எழுதலாம்.

வெளியூர் போகும்போது

பெண் பிள்ளைகள் அணியோடு ஆசிரியை ஒருவர் கட்டாயம் போக வேண்டும். பெரியவர் ஒருவர் மாணவர் ஒருவரோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தசைப்பிடிப்புக்கு நீவிவிடுவது உட்பட எல்லாமே பிறர் பார்வையில் நடக்க வேண்டும். தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். இரவு நேரத்தில் ஆசிரியர் மாணவிக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, தகவல் எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில் போகட்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பவரும் தண்டனைக்கு உரியவர். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) ஆகிய இரண்டையும் தாளின் அடியில் பெரிதாக அச்சிட வேண்டும்.

பஸ்ஸில் பாட்டுச் சத்தம், தங்கிய வகுப்பறையைச் சுத்தம் செய்வது, உணவை வீணாக்காமல் இருப்பது போன்றவற்றை இரண்டு வரியில் முடித்துவிடலாம். போனுக்கு மட்டும் தனி விதி வேண்டும். தோற்ற அணியைக் கேலி செய்து வெளியிடும் ரீல், அடுத்த ஊர்ப் போட்டியில் கைகலப்பாக மாறுகிறது. உடுப்பு மாற்றும் இடத்தில் போன் எடுப்பதற்கு எந்த விளக்கமும் ஏற்கப்படாது.

தவறினால்

தண்டனை என்றதும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும், வெயிலில் முட்டி போடவைப்பதும், பிரம்பும் நினைவுக்கு வருகின்றன. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் ஓட்டத்தைத் தண்டனையாக்குவது முட்டாள்தனம். எதை விரும்பிச் செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிறோமோ அதையே அவமானத்தோடு கட்டிவிடுகிறோம்.

பள்ளி அணியில் வேலை செய்யும் தண்டனை ஆட்டத்தைக் குறைப்பதுதான். சொல்லாமல் ஒரு பயிற்சிக்கு வராவிட்டால் வாய்மொழி எச்சரிக்கையும் பதிவேட்டில் ஒரு குறிப்பும். மூன்றாவது முறை என்றால் அடுத்த ஆட்டத்தில் தொடக்க அணியில் இடமில்லை. நடுவரைத் திட்டியவர், எதிரணிப் பிள்ளையை அடித்தவர் அடுத்த ஆட்டம் முழுக்க வெளியே. மது, புகையிலை, சாதி வசவு, பாலியல் சீண்டல், கள்ளச் சான்று என்றால் உடற்கல்வி ஆசிரியர் தனியாக முடிவெடுக்காமல் தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், வகுப்பாசிரியர் மூவரும் உட்கார வேண்டும். மாணவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு, பெற்றோருக்கு எழுத்தில் தகவல். பயிற்சிக்கு வராததற்குக் காரணம் கேட்பதும் இதில் அடக்கம். அறுவடை நாளில் வயலுக்குப் போன பிள்ளையையும், மாதவிடாய் வலியால் வீட்டில் இருந்த பிள்ளையையும், சோம்பலில் தூங்கியவரோடு ஒரே கோட்டில் நிறுத்த முடியாது. சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கு வழி வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். வீட்டு போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் போதும்.

முதல் ரெய்டரை வருவாய் மாவட்ட இறுதியாட்டத்தில் வெளியே உட்கார வைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு அன்று காலை விடை தேடினால் முடியாது என்றுதான் வரும். ஜூலையில் அவரும் அவர் அப்பாவும் கையெழுத்திட்ட தாள் இருந்தால் முடியும்.

மதிப்பெண் குறைந்தால் அணியில் இடமில்லை என்ற விதியைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இது பரவலான வழக்கம். டெக்சாஸ் மாநிலம் 1984இல் சட்டமாகவே கொண்டுவந்தது, பாடத்தில் தேறாதவர் ஆட முடியாது. நம் நிலைமைக்கு இது பொருந்தாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பேரையூர்ப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் விடாமல் பள்ளிக்கு வருவதற்குக் காரணமே மாலை விளையாட்டாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டால் கணக்கில் தேறமாட்டார், பள்ளியை விட்டு நின்றுவிடுவார். வருகைப் பதிவை நிபந்தனையாக்குவது நியாயம்; போட்டிக்குப் போன நாட்களின் பாடத்தை எந்த ஆசிரியரிடம் எப்போது கேட்பது என்ற அட்டவணையைப் பள்ளி தர வேண்டும். காலாண்டில் தவறியவருக்குப் பயிற்சியில் அரை மணி நேரத்தைக் குறைத்து அந்த நேரத்தில் பாடம் சொல்லித்தரலாம், ஆட்டத்தை நிறுத்தத் தேவையில்லை.

இத்தனையும் ஒரு தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கும். எளிய தமிழில், பெரிய எழுத்தில், “கூடாது” என்ற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணத்தோடு எழுத வேண்டும். முதல் பயிற்சிக்கு முன் அணியை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டி, கேள்வி கேட்க விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வகுப்பாசிரியர் வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். மாணவர், பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர் மூவரும் ஒப்பமிட்ட பிறகு ஒரு பிரதி வீட்டுக்கு, ஒன்று தலைமையாசிரியர் கோப்புக்கு, இன்னொன்று பயணத்துக்கான பெற்றோர் சம்மதக் கடிதங்களோடு சேர்ந்து ஒவ்வொரு போட்டிக்கும் அணியோடு போக வேண்டும்.